வண்டி நிற்கும் நேரம்

மூன்று கிலோமீட்டர் நீளமும் மூன்று கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சார்ஜிங் நிலையம். நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. மின்வாகனங்களுக்காக மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிச் சொன்னது. 2024-இல் அதைத் திருத்தியபோது கட்டம் சுருங்கியது. 2030-க்குள் நகரங்களில் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் ஒன்று, நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று, பேருந்து, லாரிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று என்று ஆயிற்று. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். பழைய கணக்குப்படி 47 நிலையங்கள் போதும். புதிய கணக்குப்படி 426 வேண்டும். கணக்கும் எளிது, சரிபார்ப்பதும் எளிது. கட்டத்துக்குள் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துப் பட்டியலில் டிக் அடித்துவிடலாம். நிர்வாகத்துக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் திருவல்லிக்கேணியின் ஒரு சதுர கிலோமீட்டரும் மணலியின் ஒரு சதுர கிலோமீட்டரும் ஒன்றாகுமா? அங்கே சந்துக்குச் சந்து ஸ்கூட்டர். இங்கே ஆலை மதில்களும் லாரி வரிசையும். சார்ஜரை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதைப் பரப்பளவிடம் விடக் கூடாது. வண்டி எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது, அந்த நேரத்தில் அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். இவை மணிக்கு மணி மாறுபவை. ஒரு வரைபடத்தை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஊரையே கணினிக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் சார்ஜிங் நிலையம் என்றதும் பெட்ரோல் பங்க்கைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அரசும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. மின்வாகனங்களை ஊக்குவிக்கும் ஃபேம்-2 திட்டத்தின்கீழ் 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கி, அவற்றின் பங்க்குகளில் 7,432 அதிவேக சார்ஜிங் நிலையங்கள் அமைக்க அனுமதி தந்தார்கள். பெட்ரோலை வீட்டுக் குழாயில் பிடிக்க முடியாது. அதனால் வண்டியை அது இருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போக வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவதால் அந்த ஏற்பாடு செல்லுபடியானது. மின்சாரமோ வீட்டிலும் அலுவலகத்திலும் ஏற்கெனவே வந்து நிற்கிறது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் மின்ஸ்கூட்டருக்குத் தேவை ஏறத்தாழ ஒரே ஒரு யூனிட். அதே தூரம் ஓடும் காருக்கு நாலரை யூனிட். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். சொந்த உபயோகத்துக்கான வண்டி நாளில் இருபது, இருபத்திரண்டு மணி நேரம் எங்கோ நின்றுகொண்டுதான் இருக்கிறது. அந்த இடத்துக்கு மின்சாரம் வந்தால் போதும். வண்டி மின்சாரத்தைத் தேடிப் போக வேண்டிய நாள்கள் ஆண்டில் சிலவே.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்ணிக்கையில் காட்டியது. 2030-இல் 3 கோடியே 30 லட்சம் மின்வாகனங்கள் ஓடும் என்று வைத்துக்கொண்டு, மக்களின் பயணங்களைக் கணினியில் நடத்திப் பார்த்தார்கள். தேவைப்படும் சார்ஜிங் முனைகள் மொத்தம் 2 கோடியே 80 லட்சம் என்று வந்தது. அவற்றில் 2 கோடியே 68 லட்சம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்க வேண்டிய சாதாரண வேக முனைகள். பொது இடங்களில் மெதுவாக ஏற்றுபவை 10 லட்சம். சாலையோரத்தில் கண்ணில் படும் அதிவேக முனைகள் 1,82,000. அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. காரில் மட்டுமே நகரும் நாட்டின் கணக்கே இது. இந்தியாவில் 2024–25 நிதியாண்டில் விற்ற மின்வாகனங்கள் 19 லட்சத்துக்கும் மேல். அவற்றில் 11 லட்சத்துக்கு மேற்பட்டவை இரு சக்கர வண்டிகள், சுமார் 7 லட்சம் மூன்று சக்கர வண்டிகள்; கார்கள் ஒரு லட்சத்தை ஒட்டித்தான். நம் ஊருக்குத் திட்டமிடுகிறவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது, மாடிப்படிக்கு அடியில் நிற்கும் ஸ்கூட்டரையும் தெருமுனையில் நிற்கும் ஆட்டோவையும்தான்.

கணினிக்குள் ஊரை ஓட்டுவது என்றால் என்ன? நடக்கப்போவதற்கு ஓர் ஒத்திகை பார்ப்பது, அவ்வளவுதான். பத்தாயிரமோ பத்து லட்சமோ கற்பனை மனிதர்களை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைத் தருவார்கள். ஒருவர் காலை எட்டு மணிக்கு அம்பத்தூரிலிருந்து கிளம்பி, ஸ்கூட்டரை ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு, மாலை ஏழு மணிக்குத் திரும்பி எடுப்பார். இன்னொருவர் உணவு விநியோகம் செய்பவர். மதியமும் இரவும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, நடுநிசியில் வீடு சேர்வார். இந்த நாள்களை எவரும் இஷ்டத்துக்கு எழுதிவிடுவதில்லை. வீடு வீடாக எடுத்த பயணக் கணக்கெடுப்பு, சாலைப் போக்குவரத்து எண்ணிக்கை, வண்டிப் பதிவு விவரம் ஆகியவற்றோடு பொருந்தும்படி அமைக்கிறார்கள். பேட்டரி எந்த அளவுக்கு இறங்கினால் ஒருவர் பதறுவார், சார்ஜர் காலியாக இல்லாவிட்டால் காத்திருப்பாரா, அடுத்த இடம் தேடுவாரா என்பதெல்லாம் விதிகளாகச் சேரும். பிறகு பகடை உருட்டுவதுபோல ஒவ்வொருவரின் கிளம்பும் நேரத்தையும் தூரத்தையும் சற்று மாற்றி மாற்றி, அதே நாளை ஆயிரம் தடவை ஓட்டுவார்கள். சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரையே இந்த முறைக்கு வைத்திருக்கிறார்கள். இதற்கான மென்பொருள்களுக்கும் பஞ்சமில்லை. ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கிய சூமோ, சூரிச், பெர்லின் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த மாட்சிம் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தப் பொறியியல் கல்லூரி மாணவரும் இறக்கிக்கொள்ளலாம்.

இந்த ஒத்திகைக்கு அடித்தளமான கணிதம் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பிறந்தது. எத்தனை பேர் பேச முயன்றால் எத்தனை இணைப்புகள் வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்ற கேள்விக்கு, ஏ.கே. எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர் 1909-இலும் 1917-இலும் விடை எழுதினார். அவருடைய வாய்பாட்டை சார்ஜருக்குப் போட்டுப் பார்த்தால் கட்டத்துக்கு ஒன்று என்ற விதியின் குறை பளிச்சென்று தெரியும். ஒரு வண்டி ஏற்றிக்கொள்ளச் சராசரியாக அரை மணி நேரம் ஆகிறது, வண்டிகள் முன்பின்னாகத் தற்செயலாக வருகின்றன, மாலை நெரிசலில் சார்ஜர் நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் வேலை செய்கிறது என்று கொள்வோம். தனியாக நிற்கும் ஒற்றை சார்ஜரில் சராசரிக் காத்திருப்பு இரண்டு மணி நேரம். ஒரே இடத்தில் இரண்டு இருந்து இரு மடங்கு வண்டிகள் வந்தால் காத்திருப்பு 53 நிமிடம். நான்கு இருந்து நான்கு மடங்கு வண்டிகள் வந்தாலும் காத்திருப்பு 22 நிமிடம்தான். அதே நான்கு சார்ஜர், அதே வண்டிகள், அதே செலவு. நான்கு கட்டங்களில் ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டதால் மக்கள் ஐந்து மடங்குக்கு மேல் காத்திருக்கிறார்கள். எண்பது சதவீதம் என்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சார்ஜர் நாள் முழுவதற்குமாக இருபது சதவீதமே பயன்பட்டாலும், அந்த உபயோகம் மாலை ஆறு மணி நேரத்துக்குள் குவிந்துவிட்டால் அப்போது அது எண்பதுதான். முதலீடு செய்தவர் நாள் சராசரியைப் பார்த்து, ஆளே வரவில்லை என்கிறார். வண்டிக்காரர் மாலையில் வந்து பார்த்து, இடமே இல்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

பழுதையும் சேர்த்துப் பாருங்கள். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 181 பொது நிலையங்களிலுள்ள 657 அதிவேக முனைகளைப் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் நேரில் போய்ச் சோதித்தபோது, சரியாக வேலை செய்தவை 72.5 சதவீதமே. ஒற்றை சார்ஜரை நம்பிப் போகிறவர் நான்கில் ஒரு தடவைக்கு மேல் ஏமாறுவார். நான்கு முனைகளும் சேர்ந்தாற்போல் கெட்டிருக்கும் வாய்ப்போ, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழுதாகிறது என்று கொண்டால், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கென 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 500 கோடி டாலர் ஒதுக்கியது; அந்தத் திட்டத்தின் விதிகள் ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது நான்கு முனைகள், ஒவ்வொன்றும் 150 கிலோவாட் என்று விதித்தது இதனால்தான் பொருள் உடையதாகிறது. அந்தத் திட்டமும் 50 மைலுக்கு ஒன்று என்று கட்டம்தான் போட்டது. ஆனால் கட்டத்துக்குள் ஒன்றை நட்டுவிட்டு ஓடவில்லை.

இனி தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். மின்வாகனம் பெருகினால் மாநிலமே இருண்டுவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பத்து லட்சம் மின்ஸ்கூட்டர்களும் ஒரே நொடியில் முக்கால் கிலோவாட் வீதம் மாட்டப்பட்டாலும் ஆவது 750 மெகாவாட். உச்சத்தில் நான்கு சதவீதம்கூட இல்லை. மாநில அளவில் இது சமாளிக்கக்கூடியது. தெரு அளவில் கதை வேறு. நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின்கீழ் 20 கார்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் என்று வைத்துக்கொள்வோம். இருபதும் ஒரே சமயத்தில் ஏற்றினால் 144 கிலோவாட். வீடுகளின் விளக்கையும் விசிறியையும் சேர்க்கும் முன்பே டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. ஆனால் ஒவ்வொரு காருக்கும் அன்றைக்கு வேண்டியது நாலரை யூனிட்தான், சுமார் நாற்பது நிமிடம். மாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் அவரவர் வீடு திரும்பும்போது மாட்டினால், எந்த நொடியிலும் சராசரியாக மூன்று, நான்கு கார்களே ஏற்றிக்கொண்டிருக்கும். ஒத்திகையை எத்தனை தடவை ஓட்டினாலும் எட்டைத் தாண்டுவது அபூர்வம். அதே மின்சாரத்தை இரவு எட்டு மணி நேரத்துக்குப் பரப்பிவிட்டாலோ மொத்தச் சுமை 11 கிலோவாட். ஒரே தெரு, ஒரே கார்கள். 144-க்கும் 11-க்கும் நடுவே எங்கே நிற்கப்போகிறோம் என்பது முழுக்க நேரத்தைப் பொறுத்தது.

இங்கேதான் நல்லெண்ணத்தோடு போடும் விதியே வினையாகவும் கூடும். இரவு பத்து மணிக்குமேல் கட்டணம் குறைவு என்று அறிவித்தால், இருபது கார்களின் டைமரும் பத்து மணிக்கே வைக்கப்படும். தற்செயலாகச் சிதறிக் கிடந்த சுமை ஒரே நொடியில் ஒன்றுதிரண்டு, யாரும் திட்டமிடாத 144 கிலோவாட் கண்முன் வந்து நிற்கும். பிரிட்டன் இதை முன்கூட்டியே உணர்ந்துகொண்டது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டவிதிகளின்படி, அங்கே விற்கும் வீட்டு சார்ஜர்கள் பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு தற்செயலான நேரம் தாமதித்தே இயங்கத் தொடங்க வேண்டும். பத்து நிமிடம் என்பது கேட்க அற்பமாக இருக்கிறது. லட்சக்கணக்கான வண்டிகள் ஒரே நொடியில் பாய்வதற்கும் படிப்படியாக ஏறுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் அடங்கிவிடுகிறது. அதே நாட்டில் 2013 முதல் 2015 வரை இருநூறுக்கும் மேற்பட்ட நிசான் லீஃப் கார்களைத் தெருத்தெருவாகக் குவித்துக் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. நாற்பது முதல் எழுபது சதவீத வீடுகளில் மின்கார் வந்தால் நாட்டின் தாழ்வழுத்த மின்பாதைகளில் 32 சதவீதத்தில் வேலை செய்ய வேண்டிவரும் என்பது அதன் முடிவு. மீதி 68 சதவீதத்தைத் தொடத் தேவையில்லை. எந்த 32 என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தோண்டிப் பணத்தைக் கொட்டுவோம், அல்லது எதையும் தோண்டாமல் ஃபியூஸ் போகும் வரை காத்திருப்போம். நம் மின்வாரியங்களுக்கு இரண்டாவது வழி பழக்கமானது என்று சொன்னால் அவர்களே மறுக்கமாட்டார்கள்.

பிரிட்டனின் விடையை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டவும் முடியாது. அங்கே நள்ளிரவில் ஊர் அடங்கி மின்தேவை சரிகிறது. சென்னையில் மே மாதம் இரவு பதினொரு மணிக்கு எல்லாப் படுக்கையறையிலும் ஏ.சி. ஓடுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஆறுவதற்கே பொழுது கிடைப்பதில்லை. நமக்கு மின்சாரம் மலிவாகக் கிடைப்பது வெயில் நேரத்தில். 2024 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரையான சூரிய நேரத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கான மின்கட்டணம் சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரங்களில் 1.3 மடங்கு. கேட்க அருமையாக இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை வண்டி எங்கே நிற்கிறது? தாம்பரத்திலும் திருவள்ளூரிலும் ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில், மெட்ரோ பார்க்கிங்கில், அலுவலகத்தின் தரைத்தளத்தில், கல்லூரி வேப்பமரத்தடியில். அந்த இடங்களில் பிளக் இல்லையென்றால் மலிவுக் கட்டணம் யாருக்கு? அங்கே அதிவேக சார்ஜரும் வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் நிற்கப்போகும் ஸ்கூட்டருக்கு ஒரு சாதாரண பிளக்கும், ஒரு மீட்டரும், பணம் கட்ட ஒரு கியூ.ஆர். அட்டையும் போதும். முப்பது லட்சம், நாற்பது லட்சம் ரூபாய்ச் செலவில் ஓர் அதிவேக நிலையம் வைத்து ரிப்பன் வெட்டினால் பத்திரிகையில் படம் வரும். இருநூறு பிளக்குகளுக்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை. கணினி ஒத்திகையின் பெரிய பயன் இதுதான் என்பேன். பார்வைக்குப் பெரிதாக இருப்பதற்கும் தேவைக்குப் பெரிதாக இருப்பதற்கும் உள்ள இடைவெளியை அது எண்ணிக்கையில் காட்டிவிடுகிறது.

நெடுஞ்சாலையில் அதிவேக சார்ஜர்தான் வேண்டும்; அதில் இரண்டு கருத்து இல்லை. அங்கேயும் 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்பது பயணத்தைப் பார்க்காத கணக்கு. மைக்கேல் கூபி, சியோ லிம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் முன்வைத்த முறை, ஊர்களை விட்டுவிட்டுப் பயணங்களை எண்ணியது. ஒரு பயணம் முழுவதும் ஓடி முடிந்தால்தான் அது கணக்கில் சேரும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் மற்ற நிலையங்கள் இருந்தும் பயனில்லை. சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். முழு சார்ஜில் 250 கிலோமீட்டர் ஓடும் கார் ஒரே ஒரு தடவை நிற்பதானால், அது 210-க்கும் 250-க்கும் இடையே நின்றாக வேண்டும். அதாவது உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, பெரம்பலூருக்கு முன்பாக. அந்த நாற்பது கிலோமீட்டரில்தான் கூட்டம் குவியும். செங்கல்பட்டு அருகே நிற்கும் சார்ஜர் ஈ ஓட்டும். பொங்கலுக்கு முந்தின நாள் அந்தக் கூட்டம் முழுவதும் தெற்கு நோக்கிய பக்கத்தில் நிற்கும். விடுமுறை முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில். ஆண்டில் நான்கைந்து நாள் நெரிசலுக்காக நிரந்தரமாக நூறு சார்ஜர் நடுவதா, அந்த நாள்களுக்கு மட்டும் லாரியில் பேட்டரி வைத்து நடமாடும் சார்ஜர் கொண்டுவருவதா என்ற கேள்விக்கும் ஓட்டிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

பேருந்துப் பணிமனை இந்த விஷயத்தில் எளிதான கணக்கு, ஏனென்றால் எந்த வண்டி எப்போது வரும் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஒரு பேருந்து நாளுக்கு 200 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் என்று கொண்டால் 120-க்கும் சேர்த்து 28,800 யூனிட். அதை இரவு ஆறு மணி நேரத்தில் ஏற்ற ஏறத்தாழ 5 மெகாவாட் வேண்டும். மதிய இடைவேளையில் பாதிப் பேருந்துகளை முறைவைத்து ஏற்றினால் இரவுச் சுமை குறையும், வெயில் நேர மின்சாரமும் பயன்படும். 2017 முடிவுக்குள் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிய சீனாவின் ஷென்சென் நகரம் இப்படி அட்டவணையையும் மின்சாரத்தையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட்டுத்தான் தேற முடிந்தது.

இதற்கெல்லாம் தரவு எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எத்தனை மின்வண்டி பதிவாகிறது என்பதை மத்திய அரசின் வாகன் பதிவுத் தளம் சொல்கிறது. 2021 பிப்ரவரி முதல் கட்டாயமான ஃபாஸ்டேக், எந்தச் சுங்கச்சாவடியை எந்த மணியில் எத்தனை கார் கடக்கிறது என்பதைப் பதிவு செய்கிறது. சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் பயணத் திட்டமிடலுக்கென்றே இருக்கிறது. குறை, இவை தனித்தனி அலமாரிகளில் கிடப்பதுதான். ஆம்ஸ்டர்டாமில் சொந்த வண்டி நிறுத்தம் இல்லாதவர் தன் தெருவுக்கு ஒரு சார்ஜர் கேட்டு மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பங்களும் ஏற்கெனவே நட்ட சார்ஜர்களின் பயன்பாட்டுப் பதிவும் சேர்ந்து அடுத்த திட்டத்துக்குத் தரவாகின்றன. 2017-இல் அங்கே தொடங்கிய ஃப்ளெக்ஸ்பவர் சோதனையில், மாலை நெரிசலில் பொது சார்ஜர்களின் வேகத்தைக் குறைத்து மற்ற நேரத்தில் கூட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலான வண்டிகள் இரவு முழுக்க நிற்பவை என்பதால் அவற்றுக்குப் பாதிப்பு சிறிதே.

இன்னொரு எதிர்வாதம் கூர்மையானது. கணினி, தேவை இருக்கும் இடத்தைக் காட்டும்; இன்றைக்கு மின்கார் இருப்பது வசதியுள்ள பேட்டைகளில்; ஆக அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் சார்ஜர் குவியும், வியாசர்பாடிக்குப் பேருந்துப் பணிமனை மட்டும்தான். கட்டம் போட்ட விதியாவது எல்லாருக்கும் ஒன்று என்கிறதே? இதில் உண்மை இருக்கிறது. இன்றைய பயன்பாட்டை மட்டும் பார்க்கும் கணிப்பு, சார்ஜர் இல்லை என்பதாலேயே மின்வண்டி வாங்காதவரைப் பார்க்காது. அதனால் கணினிக்குள் இன்றைய மின்வண்டிக்காரர்களை மட்டும் ஓட்டக் கூடாது. பெட்ரோல் ஆட்டோ ஓட்டுநரையும், தெருவில் ஸ்கூட்டரை நிறுத்துபவரையும், ஒண்டுக் குடித்தனக்காரரையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால், நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பிழைப்பவருக்குத்தான் சார்ஜர் அவசரம் என்று அதே கணினி சொல்லும். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் வசதியான காருக்குத் தன் கார் ஷெட்டில் பிளக் இருக்கிறது. கட்டத்துக்கு ஒன்று என்பதை ஆபத்துக்கு உதவும் குறைந்தபட்ச உறுதியாக வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் போகும் பணம் வண்டியின் நாளைப் பார்த்துப் போகட்டும்.

கணிப்பு பொய்த்துவிடும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஐந்தாண்டுக்குப் பின் எத்தனை வண்டி இருக்கும் என்பது யார் கணித்தாலும் பிசகும். ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஏமாற்றம்தான். ஒத்திகையைப் பல அனுமானங்களோடு ஓட்டி, எல்லாவற்றிலும் தேவைப்படுவது எது என்று பார்ப்பதே முறை. புதிய அடுக்குமாடியில் வண்டி நிறுத்தம் வரை மின்கம்பிக் குழாய் பதிப்பது, டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் ஒதுக்குவது போன்றவை எந்த எதிர்காலத்திலும் வீண் போகாது. சிமென்ட் காயும் முன் செய்தால் செலவும் சொற்பம். சார்ஜர் பெட்டியைப் பிறகு தேவைக்கேற்ப மாட்டிக்கொள்ளலாம். கட்டடத்தின் வண்டி நிறுத்தத்தில் இருபது சதவீதத்துக்கு இந்த ஏற்பாடு வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டன. ஓட்டிப் பார்க்கக் காலம் ஏது, முதலில் நட்டுவிடுவோம் என்பதும் ஒரு வாதம். மேற்சொன்ன அமெரிக்கத் திட்டத்தில் 2021 நவம்பரில் சட்டம் கையெழுத்தாகி, முதல் நிலையம் ஒஹையோவில் திறக்க 2023 டிசம்பர் ஆயிற்று. காலத்தை விழுங்குபவை ஒப்பந்தமும் அனுமதியும் மின்இணைப்புமே. கணினியில் ஓட்டிப் பார்க்கச் சில வாரங்கள் போதும்.

இந்தியாவில் பொது சார்ஜிங் நிலையங்கள் 2024 பிப்ரவரியில் 12,146. அதே ஆண்டு இறுதிக்குள் 25,000-ஐத் தாண்டிவிட்டன. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2,000 கோடி ரூபாயில் சுமார் 72,300 சார்ஜர்களை இலக்காக வைத்திருக்கிறது. எண்ணிக்கை வளரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பொதுப்பணத்தில் நிற்கும் ஒவ்வொரு சார்ஜரின் மணிவாரிப் பயன்பாட்டையும் பழுதுக் கணக்கையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதை மானியத்தின் முதல் நிபந்தனையாக்குங்கள் என்று அரசைக் கேட்போம். எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத் தெருவாரியாக வரைபடத்தில் போடும்படி மின்வாரியத்தைக் கேட்போம். பிரிட்டனிலும் கலிபோர்னியாவிலும் மின்விநியோக நிறுவனங்கள் இத்தகைய வரைபடங்களை வெளியிடுகின்றன. உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சார்ஜர் பேச்சு வந்தால், எத்தனை சார்ஜர் என்று தொடங்காதீர்கள். யார் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று மின்கட்டண அட்டையில் பாருங்கள். அந்த இரண்டு தாள்களும் கையில் இருந்தால், சார்ஜர் விற்க வருபவர் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது.